உதவித்தொகையில் வாழ்பவரும் கடன் அட்டைப் பாக்கியும்: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

கடன் அட்டையில் 80,000 ரூபாய் பாக்கி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பல வங்கிகள் வாங்கும் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு மாத வட்டி 2,800 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 504 ரூபாய், ஆக 3,304 ரூபாய். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிக்கு அரசு தரும் மாத உதவித்தொகை, அவர் எந்தத் திட்டத்தின் கீழ் வருகிறார் என்பதற்கேற்ப, 1,500 ரூபாய் அல்லது 2,000 ரூபாய். அரிசிக்கும் மருந்துக்கும் ஒரு காசு எடுக்காமல் முழுத் தொகையையும் வங்கியில் கட்டினாலும் அந்த மாத வட்டிகூட அடையாது. ஆகவே உதவித்தொகையைக் கொண்டு கடனை எப்படிக் கட்டுவது என்று யோசிப்பதில் பயனில்லை. உதவித்தொகையைத் தொடாமல் இந்தப் பாக்கியை எப்படி முடிப்பது, முடிக்க இயலாவிட்டால் எந்த நிலையில் விட்டுவைப்பது என்பதையே ஆராய வேண்டும். வேலூரிலும் பழைய வடஆர்க்காட்டின் பிற ஊர்களிலும் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் வழிகளை இந்த நோக்கில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உதவித்தொகையை மட்டும் காட்டுபவருக்கு எந்த வங்கியும் எளிதில் அட்டை தருவதில்லை என்பதால், இத்தகைய பாக்கி பெரும்பாலும் வேலையில் இருந்த நாளில் வாங்கிய அட்டையின் மிச்சமாகவே இருக்கும். பேரணாம்பட்டிலோ இராணிப்பேட்டையிலோ தோல் தொழிற்சாலையில் சம்பளம் வாங்கியபோது கிடைத்த அட்டை, முதுகுத்தண்டு அடிபட்டுப் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மறுவாழ்வு நிலையத்தில் தங்க நேர்ந்த காலத்தில் தேய்க்கப்படுகிறது. சிகிச்சைக் கட்டணத்துக்குக் காப்பீடு கைகொடுத்தாலும், உடன் தங்குபவரின் சாப்பாடு, ஆட்டோ வாடகை, சிறுநீர்க் குழாய், காற்று மெத்தை ஆகியவற்றைக் கைக்காசில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இந்தப் பின்னணியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: எந்தப் பெயரில் பணம் வருகிறது என்பதைப் பொறுத்துச் சட்டப் பாதுகாப்பும் மாறுகிறது. வேலையிடத்து விபத்துக்காக இ.எஸ்.ஐ. தரும் நிரந்தர ஊன உதவித்தொகையை நீதிமன்றத் தீர்ப்பின் பேரிலும் ஜப்தி செய்யக் கூடாது என்பது 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 60-ஆவது பிரிவு வகுத்த கொள்கை. வருங்கால வைப்புநிதித் தொகைக்கும் அத்தகைய பாதுகாப்பு உண்டு.

ஆனால் ஏட்டில் உள்ள பாதுகாப்பு, பணம் வங்கிக் கணக்கில் விழுந்து வேறு பணத்தோடு கலந்த பிறகு நடைமுறையில் மங்கிவிடுகிறது. அதைவிட முக்கியமானது, அட்டை கொடுத்த வங்கியிலேயே உதவித்தொகையும் வந்தால் ஏற்படும் நிலை. வாடிக்கையாளர் தரவேண்டிய கடனை அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்து ஈடுசெய்துகொள்ளும் உரிமையை வங்கிகள் அட்டை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுகின்றன. எனவே எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும், முதலில் உதவித்தொகையை அஞ்சலகக் கணக்குக்கோ வேறு வங்கிக்கோ மாற்றிக்கொள்வது நல்லது. வருவாய்த் துறை வழியாக வரும் தொகைக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவிலும், பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் மனுக் கொடுக்க வேண்டும். இது கடனை ஏமாற்றும் வேலை என்று சிலர் தயங்குவார்கள். உணவுக்கென அரசு தரும் பணத்தை உணவுக்கு வைத்துக்கொள்வதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக நான் கருதவில்லை.

மற்றொன்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். அட்டை வாங்கிய பிறகு ஊனம் ஏற்பட்டிருந்தால், அந்த அட்டையோடு விபத்துக் காப்பீடோ, நிரந்தர ஊனம் நேர்ந்தால் பாக்கியைத் தள்ளுபடி செய்யும் காப்போ சேர்ந்திருக்கிறதா என்று எழுத்துமூலம் கேட்க வேண்டும். எல்லா அட்டைகளிலும் இருக்காது, சிலவற்றில் இருக்கும். சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தால் அது பிரதமரின் சுரக்‌ஷா பீமா திட்டத்துக்கான பிரீமியமாக இருக்கக்கூடும். விபத்தால் முழு நிரந்தர ஊனம் அடைந்தவருக்கு அதில் 2 லட்சம் ரூபாயும், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம் ரூபாயும் உண்டு. பாஸ்புத்தகத்தில் அந்த 20 ரூபாயைக் கவனிக்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் இருக்கின்றன.

இனி வழிகளைப் பார்ப்போம். இவற்றை வட்டி விகிதத்தை மட்டும் கொண்டு ஒப்பிடுவது மாதச் சம்பளக்காரருக்குச் சரியாக இருக்கலாம். உதவித்தொகையில் வாழ்பவர் வேறொரு அளவுகோலையும் வைத்துக்கொள்ள வேண்டும். கடன் அட்டைப் பாக்கி ஈடில்லாத கடன். அதற்கு நகையோ வீடோ அடமானமாக இல்லை, கட்டாவிட்டால் அது உரிமையியல் வழக்காகுமே தவிரக் குற்றமாகாது. குறைந்த வட்டியைக் காட்டி இந்தக் கடனை ஈடுள்ள கடனாகவோ, தவறினால் குற்ற வழக்கில் முடியும் கடனாகவோ மாற்றும் எந்த ஏற்பாட்டையும் பலமுறை யோசிக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போவது எல்லாவற்றிலும் மோசமான வழி. 80,000 ரூபாய்ப் பாக்கிக்கு 5 சதவீதம் என்றால் 4,000 ரூபாய். அதில் 3,304 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போக, அசலில் குறைவது 696 ரூபாய் மட்டுமே. பிள்ளைகளோ உடன்பிறந்தவர்களோ கைமாற்றாகக் கொடுக்கும் பணம் இப்படிக் கரைவதைப் பார்க்கும்போது, அதைச் சேர்த்துவைத்து ஒரே தொகையாகப் பேரம் பேசியிருக்கலாமே என்று தோன்றாமல் இருக்காது. நீதிமன்றம் வட்டியைக் குறைக்கும் என்று காத்திருப்பதிலும் பொருளில்லை. கடன் அட்டை வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது.

பாக்கியைத் தவணையாக மாற்றித் தரும்படி வங்கியைக் கேட்பது இதைவிட மேல். ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் 24 மாதத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 4,000 ரூபாயும், 36 மாதம் என்றால் ஏறக்குறைய 2,900 ரூபாயும் வரும். வட்டியின் மீதான வரி தனி. குறைந்தபட்சத் தொகைக்கு ஆகும் அதே பணத்தில் இரண்டு ஆண்டுகளில் கடன் முடிந்துவிடுகிறது என்பது பெரிய வேறுபாடு. வீட்டில் நிலையான சம்பளம் வாங்கும் ஒருவர் அந்தத் தவணையைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டால் மட்டுமே இதைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: அட்டைக்குள்ளேயே தவணையாக மாற்றுவது ஒன்று, அட்டைப் பாக்கியை அடைக்கப் புதிதாகத் தனிநபர் கடன் வாங்குவது வேறொன்று. இரண்டாவதில் காசோலையோ கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் அனுமதியோ கேட்பார்கள். காசோலை பணமின்றித் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவிலும், தானியங்கிப் பிடித்தம் தவறினால் 2007-ஆம் ஆண்டுப் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைமைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவிலும் குற்ற வழக்கு வரலாம். இரண்டுக்கும் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அதுவரை உரிமையியல் கடனாக இருந்தது ஒரு கையெழுத்தில் குற்ற வழக்காகும் வாய்ப்பைப் பெறுவது இப்படித்தான்.

நகை அடகு வைத்து அட்டைப் பாக்கியை அடைப்பது நம் பக்கத்தில் முதலில் தோன்றும் யோசனை. கணக்கும் அதற்குச் சாதகமாகவே பேசும். கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்றால் 80,000 ரூபாய்க்கு மாத வட்டி 670 ரூபாய்க்குள் அடங்கும். அட்டையில் ஆவதில் ஐந்தில் ஒரு பங்கு. ஓர் ஆண்டுக்குள் அசலைத் திருப்ப உறுதியான வருமானம் வீட்டில் இருந்தால் இது நல்ல வழி. அத்தகைய வருமானம் இல்லாதவருக்கு நடப்பதோ வேறு. 2,000 ரூபாயில் 670 ரூபாயை வட்டிக்கே கொடுத்து, அசல் அப்படியே நிற்க, கடைசியில் நகை ஏலத்துக்குப் போகும். விற்கக்கூடிய நகை உண்மையாகவே இருந்தால், அதை அடகு வைத்து முழுப் பாக்கியையும் கட்டுவதைவிட, அதில் ஒரு பகுதியை விற்று, அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வங்கியிடம் ஒரே தொகைத் தீர்வு, அதாவது பாக்கியைவிடக் குறைந்த ஒரு தொகையை ஒரேயடியாகக் கட்டிக் கணக்கை முடிப்பது பற்றி, பேசுவது மேலானது. வீட்டுக்குள் எதிர்ப்பு வரும். அடகு என்றால் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது, விற்பனை என்றால் இல்லை. ஆனால் மீட்க வழியில்லாத அடகு, வட்டியும் கட்டிய பிறகு நடக்கும் விற்பனை என்பதை உரியவர்களிடம் நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

மகளிர் சுயஉதவிக் குழுவில் மனைவியோ தாயோ பெயரில் கடன் எடுத்து அட்டையை அடைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தவணை தவறினால் குழுவில் உள்ள மற்ற பெண்களின் நெருக்கடி அந்தப் பெண்ணின் மேல் விழும். கந்துவட்டி, மீட்டர் வட்டி பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அதிக வட்டி வசூலைத் தடைசெய்ய 2003-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் சுயதொழிலுக்காக அரசு வழியில் கிடைக்கும் கடனையும் பழைய பாக்கிக்குத் திருப்பக் கூடாது. தையல் இயந்திரமோ பெட்டிக்கடையோ வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வராமல், கடன் மட்டும் இரண்டாகும்.

ஒரே தொகைத் தீர்வு, பேச்சு வழக்கில் செட்டில்மெண்ட், விரிவாகப் பார்க்க வேண்டியது. பாக்கி மூன்று மாதத்துக்கு மேல் நின்று வாராக்கடனான பிறகே வங்கிகள் இதற்குப் பெரும்பாலும் இறங்கிவருகின்றன. சமரசத் தீர்வுக்கான நெறிமுறையை ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8-ஆம் தேதி வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொரு வங்கியும் தன் இயக்குநர் குழு ஏற்ற கொள்கைப்படி இதைச் செய்யலாம் என்பது அதன் சாரம். ஆகவே தீர்வு கேட்பது கெஞ்சல் ஆகாது, வங்கியின் கொள்கையில் உள்ள ஒரு நடைமுறையைக் கேட்பதாகும். கேட்பதற்கு முன் பாக்கியில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தாமதக் கட்டணமும் வரியும் எவ்வளவு என்று பிரித்துத் தரும்படி எழுதிக் கேட்க வேண்டும். கட்டப்படாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அவற்றுக்கு வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் கடன் அட்டை நெறிமுறை கூறுகிறது. பிரித்துப் பார்த்தால்தான் அது மீறப்பட்டிருக்கிறதா என்பது தெரியும். அந்தக் கடிதத்தோடு மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலையும், உதவித்தொகை மட்டுமே வருமானம் என்பதைக் காட்டும் பாஸ்புத்தகப் பக்கத்தையும் இணைத்தால், இவரிடமிருந்து வழக்குப் போட்டும் பெற ஒன்றுமில்லை என்பதை வங்கி தானே கணக்கிட்டுக்கொள்ளும். பேரத்தில் இந்த ஏழ்மையே வாதமாக நிற்கிறது.

தீர்வுத் தொகை, கட்ட வேண்டிய கடைசி நாள், அதன் பிறகு பாக்கி எதுவும் இல்லை என்ற உறுதி ஆகிய மூன்றும் வங்கியின் கடிதத்தாளில் வந்த பிறகே பணம் கட்ட வேண்டும். வசூல் ஏஜெண்டின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பும் பணம் அட்டைக் கணக்கில் சேர்ந்தது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தீர்வையும் மூன்று நான்கு தவணையாகக் கட்டலாம் என்று சொல்லி முன்தேதியிட்ட காசோலைகள் கேட்டால் மறுத்துவிடுவது நல்லது. காரணத்தை மேலே சொன்னேன். கட்டணம் வாங்கிக்கொண்டு கடனை முடித்துத் தருகிறோம் என்று இணையத்தில் விளம்பரம் செய்யும் நிறுவனங்கள், மாதந்தோறும் தங்களிடம் ஒரு தொகை கட்டச் சொல்கின்றன. உதவித்தொகைக்காரர் தானே எழுதக்கூடிய ஒரு கடிதத்துக்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

இந்த வழியின் குறை, ஒருவரின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் கணக்கு முழுமையாக அடைக்கப்பட்டதாக அல்லாமல் தீர்வு செய்யப்பட்டதாகப் பதிவாகிப் பல ஆண்டுகள் நிற்பது. வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் உள்ள சம்பளக்காரருக்கு இது பெரிய இழப்பு. இனி வங்கிக் கடன் வாங்கும் நிலையே இல்லாத ஒருவருக்கு அந்தப் பதிவால் அன்றாட வாழ்வில் எதுவும் மாறாது. ஆனால் இளம் வயதினராக இருந்து, அரசு மானியத்தோடு சுயதொழில் தொடங்கும் எண்ணம் இருந்தால், மானியக் கடனுக்கும் வங்கி சிபில் பார்க்கும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அத்தகையவருக்கு உறவினர் பொறுப்பேற்கும் அட்டைத் தவணை, செட்டில்மெண்டைவிடப் பொருத்தமாக இருக்கலாம்.

வங்கி நேரடிப் பேச்சுக்கு இணங்காதபோது மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி மாற்றுத்திறனாளிக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. வேலூர்க்காரர்கள் சத்துவாச்சாரியில் உள்ள ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். வழக்குத் தொடரும் முன்பே பிரச்சினையை அங்கே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே எழுதப்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. நீதிபதியின் முன்னிலையில் ஏற்படும் கூச்சத்தால் மாதம் 1,000 ரூபாய் கட்டுகிறேன் என்று உதவித்தொகையை நம்பி ஒப்புக்கொண்டால், தவறும் நாளில் வங்கியின் கையில் நிறைவேற்றத் தயாரான டிக்ரி இருக்கும். ஒரே தொகையாகக் கட்டக் கைவசம் பணம் இருப்பவர் மட்டும் அங்கே சம்மதம் சொல்வது பொருத்தம்.

பணமே இல்லை, விற்க நகையும் இல்லை என்றால், கட்டாமல் இருப்பதும் ஒரு வழிதான். அதைப் பேச வெட்கப்படுவதால் பலர் அதன் விளைவுகளை அறியாமலே அஞ்சுகிறார்கள். வங்கி கடைசியாகப் பெற்ற பணத்துக்கோ எழுத்தில் பெற்ற ஒப்புதலுக்கோ பின் மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது காலவரம்புச் சட்டத்தின் பொது விதி. அதனால்தான் ஏஜெண்டுகள் ஐந்நூறாவது கட்டி ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அந்த எழுத்து மூன்று ஆண்டுகளைப் புதிதாகத் தொடங்கிவைக்கக்கூடும். வழக்கு வந்தால் சம்மனைத் திருப்பி அனுப்பக் கூடாது. இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் மூலம் ஆஜராகி வட்டிக் கணக்கையாவது எதிர்க்க வேண்டும்; இல்லையேல் ஒருதலைத் தீர்ப்பாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் வரை நிறைவேற்றத்தக்கதாக நிற்கும். தீர்ப்பு வந்த பிறகும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு உடை, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, கைவினைஞரின் தொழில் கருவிகள் ஆகியவற்றை ஜப்தியிலிருந்து விலக்குகிறது. கட்ட இயலாத ஏழ்மைக்காக மட்டும் ஒருவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல், கொச்சி வங்கி தொடர்பான ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தெளிவாக்கியது. ஆனால் சொந்தப் பெயரில் வீடோ மனையோ இருப்பவருக்கு இந்த வழி பாதுகாப்பானதல்ல. காட்பாடியில் ஒரு சென்ட் மனை இருந்தாலும் அது ஜப்திக்கு உட்பட்டதே. அவர் காலம் கடத்தாமல் தீர்வு பேசிவிடுவது நல்லது.

கட்டாமல் இருக்கும் காலத்தில் தொலைபேசித் தொல்லை வரும். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினரிடம் கடனைச் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் மீண்டும் அறிவுறுத்தியிருக்கிறது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத வேண்டும். 30 நாட்களில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். சண்டிகரில் உள்ள மையத்துக்கு அஞ்சலில் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். அட்டையில் கையெழுத்திடாத மகனோ மருமகளோ இந்தக் கடனுக்குப் பொறுப்பாளி அல்லர் என்பதையும் வீட்டாருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

கடைசி வழி மஞ்சள் நோட்டீஸ், அதாவது திவால் மனு. தனிநபரின் திவால் நடவடிக்கை நம் மாவட்டங்களில் இன்றும் 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டத்தின் கீழ்தான் நடக்கிறது. ஓர் அட்டைப் பாக்கி மட்டும் இருப்பவருக்கு இது தேவையில்லாத அலைச்சல். பல அட்டைகள், செயலிக் கடன்கள், தனியார் கடன் எல்லாம் சேர்ந்து வழக்குகள் குவியும் நிலையில் இருப்பவர் வழக்கறிஞரோடு பேசிப் பார்க்கலாம். அந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு, திவாலானவர் உள்ளாட்சி அமைப்பில் உறுப்பினராக அமரத் தடை விதிக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கத் தமிழ்நாடு 2025-இல் சட்டத்திருத்தம் செய்த பிறகு, ஊர்ப் பொதுவாழ்வில் ஈடுபாடுள்ள ஒருவருக்கு அந்தத் தடை உண்மையான இழப்பு. 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தொகுப்பில், ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும் கடன் 35,000 ரூபாய்க்கும் மிகாமல், சொத்து 20,000 ரூபாய்க்குள் இருந்து, சொந்த வீடும் இல்லாதவருக்கு எளிய முறையில் கடன் நீக்கம் தரும் பிரிவு ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. மாதம் 2,000 ரூபாயில் வாழ்பவருக்கென்றே எழுதியது போன்ற அந்தப் பிரிவு சாதாரணத் தனிநபர்களுக்கு நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. ஆகவே சிறிய பாக்கி உள்ளவர் வங்கிக்கு எழுதும் தீர்வுக் கடிதத்தையும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையுமே நம்ப வேண்டியிருக்கிறது.